மின்சார மோட்டாரா, பெட்ரோல் மோட்டாரா?

நம் நாட்டில் நாலு பேர் கூடிய இடத்தில் முன்னெல்லாம் சங்கீதத்தைப் பற்றிச் சண்டை நடக்கும். அது இல்லாவிட்டால் காப்பியைப் பற்றி நடக்கும். இப்போது மோட்டார் வண்டியைப் பற்றி நடக்கிறது. கலியாணப் பந்தியில் இலை போட்டுப் பாயசம் வருவதற்குள், "மின்சார வண்டிதான் வாங்க வேண்டும்" என்று ஒரு கட்சியும், "பெட்ரோல் வண்டிக்கு ஈடு உண்டா?" என்று இன்னொரு கட்சியும் எழுந்துவிடுகின்றன. சம்பந்திகள் இருவரும் எதிர்க் கட்சிகளாய் வாய்த்துவிட்டால், அன்றைக்குப் பாயசம் ஆறிப் போக வேண்டியதுதான்.

இந்த வாதங்களைக் கேட்டுக் கேட்டு நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கிறது. இரு கட்சியாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த வண்டி தினம் எவ்வளவு தூரம் ஓடப் போகிறது, இரவில் எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த வண்டி மேல் என்று தீர்ப்புச் சொல்லுவது, ஜாதகத்தைப் பார்க்காமல் பொருத்தம் சொல்லுவது போன்றது என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். மின்சார வண்டி என்பது நேற்று முளைத்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் கட்சியார், "இந்தப் புது மோகம் எத்தனை நாளைக்கு?" என்கிறார்கள். மின்சாரக் கட்சியார், "எதிர்காலமே எங்களுடையது" என்று மார்தட்டுகிறார்கள். உண்மை என்னவென்றால், மின்சார வண்டிக்கு எதிர்காலம் இருக்கிறதோ இல்லையோ, கடந்த காலம் நிரம்ப இருக்கிறது. சென்னைப் பட்டணத்து வீதிகளில் 1895-ஆம் வருஷம் மே மாதத்திலேயே மின்சார டிராம் ஓடிற்று. இந்தியாவில் அதுதான் முதலாவது. 1953-ல் அது நின்று போகும் வரையில் ஐம்பத்தெட்டு வருஷ காலம் ஜனங்கள் அதில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனார்கள்.

தண்டவாளம் இல்லாத மின்சார வண்டிகளும் அப்போதே இருந்தன. 1899 ஏப்ரலில் காமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியக்காரர், பாரிஸ் நகரத்துக்கு அருகில், பார்ப்பதற்குப் பெரிய சுருட்டைப் போல் இருந்த ஒரு மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்து, மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற எல்லையைத் தாண்டிய முதல் மோட்டார் அதுதான். அந்த வண்டிக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று வரும். அவருடைய குடும்ப விவகாரத்தில் நாம் தலையிட வேண்டாம். அதற்கு அடுத்த வருஷம் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மின்சார வண்டிகளே. பெட்ரோல் வண்டியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த ஹென்றி போர்டு இருக்கிறாரே, அவருடைய மனைவியார் கிளாரா அம்மையார் சவாரி போனது டெட்ராயிட் எலெக்ட்ரிக் என்னும் மின்சார வண்டியில்!

பெட்ரோல் வண்டியை அந்நாளில் கிளப்புவதற்கு முன்பக்கத்தில் ஓர் இரும்புப் பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இஞ்சின் முரண்டு செய்து பின்பக்கமாக உதைத்தால் சுற்றியவரின் மணிக்கட்டு முறியும். ஆகையால் ஸ்திரீகளும் டாக்டர்களும் மின்சார வண்டியையே விரும்பினார்கள். இந்தத் தொல்லையைத் தீர்த்து வைத்தது எது தெரியுமா? ஒரு சிறிய மின்சார மோட்டார்தான். 1912-ல் காடிலாக் வண்டிகளில் பெட்ரோல் இஞ்சினைக் கிளப்பிவிடும் மின்சாரக் கருவியைப் பொருத்தினார்கள். அன்று முதல் மின்சார வண்டியின் பக்கம் இருந்த பெரிய சௌகரியம் பெட்ரோல் வண்டிக்குப் போய்விட்டது. டெக்ஸாஸில் எண்ணெய் ஊற்றெடுத்துப் பெட்ரோலும் மலிந்தது. போர்டின் வண்டியும் வருஷா வருஷம் விலை இறங்கிற்று. மின்சார வண்டி மூலையில் ஒதுங்கிற்று.

அது தோற்றது மோட்டாரினால் அல்ல, பாட்டரியினால். ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் சுமார் 12 யூனிட்டுக்குச் சமமான உஷ்ணம் கிடைக்கிறது. அந்நாளைய ஈயப் பாட்டரி ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கைத்தான் சுமந்தது. யானைச் சுமை பாட்டரியைத் தூக்கிக்கொண்டு எறும்புத் தூரம் போவதென்றால் யார் வாங்குவார்கள்? இப்போதுள்ள லித்தியம் பாட்டரி கிலோவுக்கு ஐந்தில் ஒரு பங்கு யூனிட் வரையில் சுமக்கிறது. 1991-ல் முதன் முதலாகக் கடைக்கு வந்தபோது இது கையடக்கமான காமிராக்களுக்குத்தான் பயன்பட்டது. இதற்கு வழி கண்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபெல் பரிசு கொடுத்தார்கள். விலையும் சரிந்தது. 2010-ல் ஒரு யூனிட் கொள்ளும் பாட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2024-ல் சுமார் 115 டாலர். பழைய வழக்கு மறு விசாரணைக்கு வந்திருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

இனி, இரு கட்சியாரின் பிரமாணங்களைச் சற்றுப் பரிசோதிப்போம்.

மின்சாரக் கட்சியார் முதலில் எடுத்து வைப்பது சிக்கனம். இது மறுக்க முடியாதது. பெட்ரோல் இஞ்சின் என்பது, உள்ளது உள்ளபடி சொன்னால், கொஞ்சம் வண்டியையும் இழுக்கக்கூடிய ஓர் அடுப்பு. பட்டணத்து நெரிசலில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அதில் இருபது அல்லது இருபத்தைந்து ரூபாய்ப் பெட்ரோல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிச்சமெல்லாம் புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் உஷ்ணமாய்ப் போகிறது. கத்திரி வெயிலில் சென்னை நகரத்தைக் கூலி கொடுத்துச் சூடாக்குகிறோம். மின்சார வண்டியிலோ, சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு போலச் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பியும் கொடுக்கிறது. சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று போகும் ஊரில் இது அற்பமான லாபம் அல்ல.

"சபாஷ்! ஆனால் அந்த மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது?" என்று பெட்ரோல் கட்சியார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2025-ஆம் வருஷத்தின் நடுவில், இந்தியாவிலுள்ள மின்சார நிலையங்களின் மொத்த சக்தியில் பாதி, நிலக்கரி முதலியவற்றை எரிக்காதவை என்ற நிலைமை ஏற்பட்டது. சந்தோஷம். ஆனால் சூரியன் இரவில் வேலை செய்வதில்லை. காற்றும் நம் சௌகரியத்தைப் பார்த்து வீசுவதில்லை. ஆகவே உண்மையில் உற்பத்தியாகிற மின்சாரத்தில் நாலில் மூன்று பங்குக்கு அருகில் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. அனல் மின்சார நிலையமும் ஓர் அடுப்புத்தான். எரிக்கிற கரியில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதிலும் கொஞ்சம் கம்பியிலே கரைந்து போகிறது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சிறிய பெட்ரோல் வண்டி ஒன்று லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்தம் செய்து, பங்க்குக்குக் கொண்டு வரும் செலவையும் சேர்த்தால் 6 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.1 கிலோ ஆகும். அதே அளவுள்ள மின்சார வண்டி 6 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுக்கும். 2023-24-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.73 கிலோ கரியமில வாயு; கம்பியில் கரைவதையும் சேர்த்தால் 0.85 கிலோ போல ஆகும். ஆக, வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பாட்டரியைச் செய்வதற்கே சில டன் கரியமில வாயு செலவாகிறது என்பதையும் கணக்கில் எழுதினால், மின்சார வண்டி அந்தக் கடனை அடைத்து வெளியே வர அரை லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வரும் வண்டி அந்தக் கடனை அடைப்பதற்குள் பாட்டரிக்கே ஆயுசு முடிந்துவிடும்.

நார்வே தேசத்தில் கதை வேறு. அங்கே மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி மலையருவிகளிலிருந்து வருகிறது. 2024-ல் அங்கே விற்ற புது மோட்டார்களில் பத்துக்கு ஒன்பது மின்சார வண்டிகள். அந்தத் தேசத்தார் தாங்கள் எடுக்கும் எண்ணெயைப் பிறருக்கு விற்று, அந்தப் பணத்தையும் துணையாகக் கொண்டு மின்சார வண்டியில் புகையில்லாமல் பிரயாணம் செய்கிறார்கள். சாராயக் கடைக்காரர் தாம் மட்டும் மோர் சாப்பிடுவதைப் போல! நார்வேயின் புள்ளி விவரத்தைக் காட்டி நம் ஊர் வழக்கைத் தீர்க்க முடியாது.

நம் ஊரில் மின்சார வண்டி புகையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மவுண்ட் ரோட்டில் எழ வேண்டிய புகை எண்ணூருக்கும் நெய்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. இடம் மாறுவதே ஒரு நன்மைதான். பள்ளிக்கூடத்து வாசலில் குழந்தைகளின் மூக்கு மட்டத்தில் விடுகிற புகையும், உயரமான புகைபோக்கியிலிருந்து போகிற புகையும் ஒன்றல்ல. ஆனால் எண்ணூரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அங்குள்ள அனல் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, மீன் பிடித்துப் பிழைப்பவர்களின் வாயில் மண்ணைப் போட்டது பல வருஷத்துச் சங்கதி. மயிலாப்பூரில் மின்சார வண்டி வாங்குகிறவர், "நான் சுத்தக்காரன்" என்று சொல்லிக்கொள்வதற்கு முன் ஒரு தடவை எண்ணூர் வரையில் அந்த வண்டியிலேயே போய் வருவது நலம்.

இந்த விஷயத்தில் மின்சாரக் கட்சிக்கு ஒரு பலமான பதில் இருக்கிறது. அவர்கள் அதை அதிகம் சொல்லுவதில்லையாகையால் நாமே சொல்லிவிடுகிறோம். இன்றைக்கு வாங்கும் பெட்ரோல் வண்டி பதினைந்து வருஷம் கழித்தும் பெட்ரோலைத்தான் குடிக்கும்; வயதாக ஆக அதிகமாகவே குடிக்கும். மின்சார வண்டியோ, முப்பந்தலில் புதிதாக ஒரு காற்றாலை சுழலும்போதும், இராமநாதபுரத்து வெயிலில் புதிதாக ஒரு தகடு பதிக்கும்போதும், இருந்த இடத்தில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகிக்கொண்டு போகிறது. வாங்கின பிறகு குணம் மேம்படும் பொருள் உலகத்தில் வேறு அதிகம் இல்லை.

நிற்க. தேசத்தின் கண்கொண்டு பார்த்தால் எது மேல்?

நாம் எரிக்கும் எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2023-24-ல் கச்சா எண்ணெய்க்காக மட்டும் நாம் கொடுத்த தொகை 13,000 கோடி டாலருக்கு மேல். 1990-ல் இராக் குவெயித்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை ஏறிற்று. அதற்கு அடுத்த வருஷம் நம் கஜானாவில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஜூலை மாதத்தில் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைக்க நேர்ந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கழுத்தில் விழுந்த கடைசிச் சுருக்கு எண்ணெய் விலைதான். தாலியை அடகு வைத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த கதை அது.

நேபாளத்தார் இதைவிடக் கடினமான பாடம் படித்தார்கள். பெட்ரோல் முழுவதையும் இந்தியாவிலிருந்தே வாங்கி வந்த அந்த மலை நாட்டுக்கு, 2015 செப்டம்பரில் எல்லையில் லாரிகள் நின்றபோது, ஐந்து மாத காலம் எண்ணெயும் இல்லை, அடுப்புக்குக் காஸும் இல்லை. ஆறுகளோ அவர்கள் வீட்டு வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு புது மின்சார நிலையங்கள் ஏற்பட்டன. மின்சார வண்டிக்கு வரியையும் குறைத்தார்கள். 2024-25-ல் அந்நாடு வரவழைத்த புதுக் கார்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மின்சாரக் கார்கள்.

ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலானவை எங்கிருந்து வந்தன? சீனாவிலிருந்து! இங்கேதான் சுதேசி நோக்கம் உள்ளவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். உலகத்தில் உற்பத்தியாகும் லித்தியம் பாட்டரிகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகின்றன. மின்சார மோட்டாருக்கு வேண்டிய பலமான காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கும் அங்கேதான். 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் அந்தக் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், நம் மோட்டார் கம்பெனிகள் சில மாத காலம் விழி பிதுங்கி நின்றன. அரபு நாட்டு எண்ணெயின் பிடியிலிருந்து தப்பித்துச் சீனத்துக் காந்தத்தின் பிடியில் விழுவது எப்படி விடுதலையாகும் என்று பெட்ரோல் கட்சியார் கேட்டால், அதை அலட்சியம் செய்ய முடியாது.

இருந்தபோதிலும் இரண்டும் ஒரே மாதிரியான அடிமைத்தனம் அல்ல. பெட்ரோல் தினசரி வாங்குகிற பிச்சை. கை நீட்டுவது ஒரு நாள் நின்றால் வண்டியும் நிற்கும். பாட்டரியை ஒரு தடவை வாங்கினால் எட்டுப் பத்து வருஷத்துக்கு யாரும் நம்மைக் கேட்க முடியாது. கடைசியில் அதை உருக்கி லித்தியத்தையும் நிக்கலையும் திரும்ப எடுக்கலாம். எரிந்துபோன பெட்ரோலை எந்த மந்திரவாதியாலும் திரும்ப எடுக்க முடியாது. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற உலோகமோ நம் கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. நம் நாட்டிலிருந்து போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பார்த்து, 1909-ல் ஜெர்மானியர் ஒருவர் இந்த மணலின் மதிப்பைக் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த மணலிலிருந்து காந்தம் செய்யும் தொழில் நம்மிடம் வளரவில்லை. மணலை மேலும் அள்ளுவதற்கு அக்கரையிலுள்ள மீனவர்களின் ஆட்சேபணையும் பலமாக இருக்கிறது. அவர்களுடைய பயத்தைத் தெளிவிக்காமல் 'தேச நன்மை' என்று சொல்லி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது சரியல்ல.

இவ்வளவும் சபையில் பேசுவதற்கு நன்றாயிருக்கும். மோட்டாரை வாங்குவது சபை அல்ல, குடும்பம். எனவே ஒரு குடும்பத்தின் கதையைப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பனார் பென்ஷன் வாங்குகிறார். பிள்ளை உத்தியோகம் பார்க்கிறான். பழைய காரை மாற்றவேண்டி வந்தபோது, தகப்பனார் பெட்ரோல் என்றார். பிள்ளை மின்சாரம் என்றான். இருவருக்கும் பத்து நாள் வாக்குவாதம்.

"வழியிலே பாட்டரி தீர்ந்துபோனால் யாரடா தள்ளுவது? திருநெல்வேலிக்கு அறுநூறு கிலோமீட்டர்!"

"அப்பா, நாம் திருநெல்வேலிக்கு வருஷத்தில் எத்தனை தடவை போகிறோம்? போன தடவை கூட ரயிலில்தானே போனோம்?"

"பாட்டரி செத்துப்போனால் லட்சக்கணக்கில் ஆகுமாமே?"

"எட்டு வருஷத்துக்குக் கம்பெனியே உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறான், அப்பா."

அந்த வீட்டு அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசியில், "வண்டியை ராத்திரி எங்கே கட்டிப் போட்டுத் தீனி போடுவதாக உத்தேசம்?" என்று கேட்டார். இருவரும் வாயடைத்துப் போனார்கள். அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். கீழே வண்டி நிறுத்துகிற இடம் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கிடைத்தது. அங்கே மின்சாரக் கம்பி கிடையாது. கம்பி இழுப்பதற்குக் கட்டிடத்துச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கத்தாரோ தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடிக்கும் விஷயத்திலேயே ஒரு வருஷமாக ஒற்றுமைப்படாதவர்கள்.

அந்த அம்மாளின் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்பதைக் கணக்கிலேயே காட்டலாம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன் சொன்ன வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 66 காசு ஆகிறது. வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் மின்சார வண்டிக்கு 1 ரூபாய் 33 காசு. லாபம் 5 ரூபாய் 33 காசு. அதே மின்சாரத்தைச் சாலையோரத்து நிலையத்தில் யூனிட் 20 ரூபாய்க்கு வாங்கினால் லாபம் 3 ரூபாய் 33 காசாகச் சுருங்கிவிடுகிறது. வாங்கும்போது மின்சார வண்டிக்கு 3 லட்ச ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டுமென்றால், வீட்டில் மின்சாரம் ஏற்றுகிறவருக்கு அந்தப் பணம் 56,000 கிலோமீட்டரில் திரும்பி வரும். சாலையில் ஏற்றுகிறவருக்கு 90,000 கிலோமீட்டர் ஆகும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வீட்டில் ஏற்றுகிறவர் ஐந்து வருஷத்துக்குள் கரையேறிவிடுவார். மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். இவ்விருவருக்கும் ஒரே புத்திமதி சொல்லுகிற நிபுணர் எவராயிருந்தாலும் அவரை நம்ப வேண்டாம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2025-ல் நாம் பெட்ரோலுக்குக் கொடுத்த நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் சர்க்காரின் வரி. மின்சார வண்டிக்காரரின் லாபத்தில் பெரும் பகுதி அந்த வரியிலிருந்து தப்பித்ததனால் வந்தது. எல்லோரும் இப்படித் தப்பிக்க ஆரம்பித்தால் எந்தச் சர்க்கார் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்? ஆகையால் இன்றைக்குள்ள கணக்கைப் பதினைந்து வருஷத்துக்கு நீட்டிப் போடாதீர்கள்.

நம் நண்பர் வீட்டுத் தீர்ப்பு இப்படி ஆயிற்று: மாதம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத பழைய பெட்ரோல் காரைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டார்கள். தினம் முப்பது கிலோமீட்டர் போய்வரும் பிள்ளைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார்கள். அதன் பாட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துக்கொண்டு வந்து கூடத்துச் சுவரிலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். சங்கத்தின் சம்மதம் தேவைப்படவில்லை.

இந்தத் தீர்ப்பில் தேசத்துக்கும் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் செலவாகும் பெட்ரோலில் பெரும் பகுதியைக் குடிப்பவை கார்கள் அல்ல. மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும்தான். ஆகவே பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்க வேண்டுமென்று மெய்யாகவே விரும்புகிறவர்கள் சம்பந்தி வீட்டுக் காரைப் பார்த்துப் பயனில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உற்பத்தியாகும் மின்சார ஸ்கூட்டர்களைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறிய வண்டிக்குச் சிறிய பாட்டரி போதும்; பாட்டரி சிறிதாக இருந்தால் சீனாவுக்குப் போகும் பணமும் சிறிது.

படித்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து வாதம் செய்துகொண்டிருக்கையில், வாதம் செய்யாமலேயே தீர்மானம் செய்துவிட்ட ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். 2024-ல் இந்தியாவில் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகள்! அதே வருஷத்தில் கார்களில் நூற்றுக்கு மூன்று கூட மின்சாரமல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர் நார்வேயையும் படிக்கவில்லை, நோபெல் பரிசையும் கேள்விப்படவில்லை. அவருடைய வண்டி தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. இரவில் ஓர் இடத்தில் நிற்கிறது. சாயங்காலம் பணத்தை எண்ணும்போது மிச்சம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிகிறது.

இந்த நியாயத்தைச் சர்க்கார் முழுவதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு நூற்றுக்கு 18-ம், பெரிய கார்களுக்கு 40-ம் வரி விதித்தார்கள். மின்சாரக் கார்களுக்கோ நூற்றுக்கு 5 தான். அதன் விலை பத்து லட்சமானாலும் சரி, இரண்டு கோடியானாலும் சரி! இரண்டு கோடி ரூபாய்க்கு மின்சார மோட்டார் வாங்கும் பிரபுவுக்கு ஏழைகளின் வரிப் பணத்திலிருந்து சலுகை கொடுப்பது எந்த தர்ம சாஸ்திரத்தில் இருக்கிறதோ நமக்குத் தெரியாது. அவருடைய வண்டி வாரத்தில் இரண்டு நாள் கிளப்புக்குப் போகும். மற்ற நாட்களில் உறைக்குள்ளே தூங்கும். அதனால் எண்ணெய் இறக்குமதி ஒரு குடமும் குறையப் போவதில்லை.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியதும் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2025 ஜூன் 30-ந் தேதி சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. பஸ் என்பது காலை முதல் இரவு வரையில் ஓய்வில்லாமல் ஓடுவது. இரவில் தன் கொட்டடிக்கே திரும்பி வருவது. மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது. டிராமை நிறுத்தி எழுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு சென்னை ஜனங்கள் மறுபடியும் ஐந்து பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வீதி வழியே மின்சாரத்தில் பிரயாணம் செய்கிறார்கள். ஆடம்பர மோட்டார்களுக்கு விட்டுக் கொடுக்கிற வரியை வசூலித்து, அந்தப் பணத்தில் மதுரைக்கும் திருச்சிக்கும் கோயமுத்தூருக்கும் இதே மாதிரி பஸ்களை வாங்கி ஓட்டலாம்.

கார் வாங்கியே தீரவேண்டும் என்கிற நேயர்கள், இரு கட்சியாரின் பேச்சையும் ஒரு வாரம் ஒத்திப் போட்டுவிட்டு, இப்போதுள்ள வண்டியின் முகப்பில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைத் தேதியுடன் ஒரு காகிதத்தில் குறித்து வைக்கட்டும். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் பார்க்கட்டும். அதற்குள் கட்டிடத்துச் சங்கத்தாரையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. அவர்கள் பதில் சொல்லக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆகும்.